தூத்துக்குடியில் இல்லாத செடி

தேவபிரசாதம் வாத்தியாருக்கு ஒரு புதுச் செடி கண்ணில் பட்டுவிட்டால், அதை யாருக்காவது கொடுத்தனுப்பும்வரை இருப்புக் கொள்ளாது. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுப்பார் என்று நினைக்க வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டதும் இல்லை. கல்கத்தாவில் ஒருவர், லண்டனில் ஒருவர், கண்டிக்குப் பக்கத்தில் ஒருவர், ஆக மூன்று பேர் இவருக்குக் கூட்டாளிகள். மூன்று பேரையும் இவர் நேரில் பார்த்ததில்லை. சொந்தபந்தங்களைவிட அவர்களோடுதான் நெருக்கம். பார்க்காமல் இருப்பதுதான் அந்த நெருக்கத்துக்குக் காரணம் என்று அவருடைய மனைவி அற்புதமணி சொல்லுவாள்.

தூத்துக்குடியில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் அவர் இயற்கை விஞ்ஞானம் நடத்தினார். சனிக்கிழமை விடிந்தால் தோளில் ஒரு நீளத் தகரப் பெட்டியை மாட்டிக்கொண்டு கடற்கரை, உப்பளம், உடைமர முள்காடு என்று கிளம்பிவிடுவார். செடி பிடுங்குகிற மனிதர் என்றால் நாட்டு வைத்தியர் என்றுதான் ஊரில் அர்த்தம். வழியில் மறித்து மூலத்துக்கு மருந்து கேட்பார்கள். தாம் செடிகளுக்குப் பெயர் கண்டுபிடிக்கிறவர் என்று விளக்குவார். பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பார்கள். அதற்கும் பொறுமையாகப் பதில் சொல்ல ஆரம்பிப்பார். பாதியில் நிமிர்ந்து பார்த்தால் மூலக்காரர் போயிருப்பார்.

ஒரு செடி புதியது என்று சொல்ல வேண்டுமானால், உலகத்தில் அதுவரை பெயர் வைத்த செடிகளோடு அதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அந்தச் செடிகளை எல்லாம் உலர்த்திப் பாடம் பண்ணி லண்டனில் அடுக்கியிருந்தார்கள். மிச்சம் கல்கத்தாவில். ஆகவே தூத்துக்குடிச் சேற்றில் முளைத்தது இன்னதுதான் என்று தெரிய, அது ஏழு கடல் தாண்டிப் போய்க் கேட்டுவிட்டு வர வேண்டும். இதில் ஏதோ கோளாறு இருப்பதாக வாத்தியாருக்குத் தோன்றியதே இல்லை. அந்தக் காலத்தில் எல்லாக் காரியமும் அங்கே போய்க் கேட்டுவிட்டுத்தான் வந்தது, செடி மட்டும் என்ன கொம்பா?

இதற்கு முன் அவர் அனுப்பியதில் இரண்டு செடிகள் புதியவை என்று முடிவாகின. ஒன்றுக்கு ஒரு கவர்னரின் மனைவி பெயர் வந்தது. அந்த அம்மாள் மதராஸைத் தாண்டித் தெற்கே வந்ததில்லை. இன்னொன்றுக்கு லண்டன்காரர் தமக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த புரொபசரின் பெயரை வைத்தார். வாத்தியார் இரண்டு முறையும் மிகவும் சந்தோஷம் என்று பதில் எழுதினார். அற்புதமணிக்கு அந்தச் சந்தோஷம் வரவில்லை. கவர்னர் பெண்டாட்டியின் பெயரை உச்சரிக்க அவளுக்கு வராது என்றாலும், வந்தவரைக்கும் வைதாள்.

மூன்றாவது செடி 1942 கார்த்திகையில் கிடைத்தது. மழை விட்டிருந்த ஒரு சனிக்கிழமை. மந்திரமூர்த்தி என்ற உப்பள முதலாளியின் அளத்துக்கு வடக்கே, கடல்தண்ணீர் ஏறி இறங்குகிற ஒரு சேற்றுத் திடல் உண்டு. திடல் முழுக்க உமரி என்கிற உப்புப் பூண்டுதான். அதன் நடுவில் ஒரு கட்டில் அகலத்துக்கு மட்டும் வேறு ஒன்று படர்ந்திருந்தது. அரிசி போலச் சின்னச் சின்னதாய்ச் சதைப்பற்றான இலை. கடுகளவு மஞ்சள் பூ. வாத்தியார் சேற்றில் முழங்காலிட்டு, லென்ஸை வைத்துப் பூவை எண்ணி எண்ணிப் பார்த்தார். இருபது வருஷமாக இந்தக் கரையைச் சுற்றி வந்தவருக்கு மனசுக்குள் தெரிந்துவிட்டது. எழுந்திருக்கும்போது வேட்டியின் நிறம் மாறியிருந்தது, அதை அவர் கவனிக்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் பேச்சு அதைப் பற்றித்தான்.

"இந்தத் தடவையாவது உங்க பேரை வைக்கச் சொல்லுங்க," என்றாள் அற்புதமணி.

"நாமளே அப்படிக் கேக்கக் கூடாதுளா. அது மரியாதை இல்ல. ஊர் பேரை வைக்கச் சொல்லப் போறேன். டூட்டிகோரினென்சிஸ்."

"ஊர் பேரா? இந்த ஊரு உங்களுக்கு என்னத்தச் செஞ்சுது? மூலத்துக்கு மருந்து கேட்டதத் தவிர?"

ஊர் ஒன்றும் செய்யவில்லைதான். ஆனால் ஆசை என்றால் அவருக்கு அது ஒன்றுதான். லத்தீனில் அச்சடித்த ஏதாவது ஒரு பக்கத்தில் தூத்துக்குடி என்று வர வேண்டும். லண்டனில் அலமாரியைத் திறக்கிறவன் அந்தப் பெயரை ஒரு தரம் வாய்விட்டுப் படிக்க வேண்டும். குளிக்கும்போதும் பள்ளிக்கூடத்துக்கு நடக்கும்போதும் டூட்டிகோரினென்சிஸ், டூட்டிகோரினென்சிஸ் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். எதிரே வந்தவர்கள் ஜெபம் பண்ணுகிறார் என்று வழி விட்டார்கள்.

செடியைப் பாடம் பண்ணுவது பெரிய வித்தை இல்லை. செய்தித்தாளுக்கு நடுவே விரித்து, இரண்டு பலகைக்கிடையில் இறுக்கிக் கட்டி, பாரம் வைத்துக் காயவிட வேண்டும். ஆனால் சதைப்பற்றுள்ள செடிகள் அதற்கெல்லாம் மசிவதில்லை. இலைக்குள் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொண்டு பலகைக்கு நடுவிலேயே மாசக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆகவே முதலில் கொதிக்கிற தண்ணீரில் ஒரு முக்கு முக்கிக் கொன்றுவிடுவது வழக்கம். கொதிக்கிற தண்ணீர் அடுப்படியில் இருப்பதால் அந்தக் கொலை அற்புதமணியின் பொறுப்பில் வந்தது. அவளும் கீரையை அலசுகிற மாதிரி அலசி, முக்கி, எடுத்துக் கொடுப்பாள். உப்புப் போடாததுதான் வித்தியாசம்.

லண்டனுக்கு ஒரு கட்டு, கல்கத்தாவுக்கு ஒரு கட்டு என்று இரண்டும் முறைப்படி செத்து, காய்ந்து, தயாராயின. கண்டிக்குப் போக வேண்டிய கட்டு மட்டும் பாக்கி. கண்டிக் கூட்டாளி பென்ரோஸ் என்ற துரை. தேயிலைத் தோட்டத்தில் இருந்து ஓய்வு பெற்று, தம் தோட்டத்துச் செடிகளோடு தனியாக இருந்தவர். அவருக்கு அனுப்புவதெல்லாம் காயல்பட்டினத்து ஸதக்கத்துல்லாஹ் மரைக்காயரின் தோணியில் கொழும்புக்குப் போய், அங்கிருந்து ரயிலேறும். மரைக்காயர் வெங்காயமும் கருப்பட்டியும் ஏற்றுகிறவர். வாத்தியாரின் கட்டுக்கு அவர் கூலி வாங்குவதில்லை. "சருகுதானே சாரே, அது என்ன கனத்துரப் போவுது," என்பார்.

ஒரு நாள் காலையில் மரைக்காயரிடமிருந்து ஆள் வந்தது. காற்று திரும்பிவிட்டதாம், தோணி மத்தியானமே பாய் விரிக்கப் போகிறதாம், தோணி ஓட்டுகிற தண்டல் யாருக்காகவும் நிற்க மாட்டானாம். வாத்தியார் கண்டிக்கென்று வைத்திருந்த பச்சைச் செடியைக் கையில் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினார். அடுப்பில் நெல் அவிந்துகொண்டிருந்தது.

"ஏளா, பானையக் கொஞ்சம் எறக்கு. வெந்நி வைக்கணும்."

"நெல்லு அவியுது. பாதியில எறக்கினா அரிசி பூராவும் நொறுங்கிப் போவும். யுத்த காலத்துல எங்க அண்ணன் கஷ்டப்பட்டு அனுப்பின நெல்லு இது."

"ஒரு நிமிசம் போதும்."

"உங்க புல்லு ஒரு நாளைக்கு உசிரோட இருந்தா குடி முழுகிப் போவாது."

நெல்லா செடியா என்று வந்தால் அந்த வீட்டில் என்ன முடிவாகும் என்பது வாத்தியாருக்குத் தெரியும். செடியை அப்படியே செய்தித்தாளில் வைத்துக் கட்டினார். துறைமுகத்தில் வழக்கம்போல 'உலர்ந்த செடிகள், உயிரற்றவை, விலையற்றவை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பொய் எழுதியதில் கொஞ்சம் உறுத்தல் இருந்தது. வழியில் செத்துவிடும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

லண்டன் கட்டு போன கப்பலை ஜெர்மன்காரன் அட்லாண்டிக்கில் மூழ்கடித்துவிட்டான். உப்புத் தண்ணீரில் வளர்கிற செடிதானே என்று வாத்தியாருக்கு ஒரு சின்ன ஆறுதல். கல்கத்தா கட்டு பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து, அங்கே எல்லாச் செடிகளையும் பெட்டியில் போட்டு ஆணியடித்துக்கொண்டிருந்தார்களாம். அவருடைய கட்டையும் சேர்த்து ஆணியடித்துவிட்டதாகவும், யுத்தம் முடிந்ததும் அவசியம் பார்ப்பதாகவும் கூட்டாளி ஹால்தார் பாபு எழுதியிருந்தார்.

பென்ரோஸ் துரையின் கடிதம் கடைசியில்தான் வந்தது. அதில் கோபம் இருந்தது.

'தங்கள் மாதிரி கிடைத்தது. அதை மாதிரி என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. கட்டுக்குள்ளேயே அது துளிர்விட்டு, புது வேர்கள் செய்தித்தாளின் சோப்பு விளம்பரத்தைத் துளைத்திருக்கின்றன. இவ்வளவு அனுபவமுள்ள தங்களிடமிருந்து இதை நான் எதிர்பார்க்கவில்லை. வேறு வழியில்லாமல் ஒரு தொட்டியில் நட்டிருக்கிறேன். அதற்குத் தினமும் உப்பைக் கரைத்து ஊற்ற வேண்டியிருப்பதால் என் சமையல்காரன் வேலையை விட்டுப் போகப் பார்க்கிறான். தயவுசெய்து செத்த பிரதி ஒன்றை உடனே அனுப்பவும்.'

வாத்தியாருக்கு அவமானமாகப் போய்விட்டது. கடிதத்தை மனைவிக்குப் படித்துக் காட்டவில்லை. அடுத்த சனிக்கிழமை பொழுது புலர்ந்ததும் பெட்டியை மாட்டிக்கொண்டு மந்திரமூர்த்தியின் அளத்துக்கு நடந்தார்.

திடல் பளிச்சென்று இருந்தது. உமரியும் இல்லை, மற்றதும் இல்லை. மண்ணைச் சமமாக இழுத்து விட்டிருந்தார்கள். திடலின் ஓரத்தில் மந்திரமூர்த்தி குடையைப் பிடித்துக்கொண்டு, வாய் நிறையச் சிரிப்போடு நின்றார்.

"வாங்க வாத்தியாரய்யா, வாங்க. இனிமே நீங்க குனிய வேண்டாம்."

"என்ன அண்ணாச்சி சொல்லுதிய?"

"வாரா வாரம் இங்கன வந்து களை பிடுங்குதியளே, நான் பாக்காமலா இருக்கேன்? என் பிள்ளையளுக்கு நாலெழுத்து சொல்லிக் குடுத்த மனுசன். இந்த வயசுல என் அளத்து ஓரத்துல முழங்கால் போட்டுக் களை எடுத்தா, எனக்கு எப்படிச் சோறு எறங்கும்? அதான் நாலு பொம்பளையள விட்டுப் பூராத்தையும் சுத்தம் பண்ணிட்டேன்."

"பிடுங்கினத எங்க போட்டிய?"

"எரிச்சாச்சு. கவலையே படாதிய. ஒரு வேர் விடல."

எதிரே நிற்கிற மனிதர் முகத்தில் அவ்வளவு பிரியம். அந்தப் பிரியத்தைப் பார்த்துக்கொண்டு என்ன சொல்ல முடியும்? "ரொம்ப உபகாரம் அண்ணாச்சி," என்றார். மந்திரமூர்த்தி விடவில்லை. பதநீர் வரவழைத்துக் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

திரும்பி வருகிற வழியில் ஒரு உடைமரத்தடியில் உட்கார்ந்து வாத்தியார் அழுதார். ஐம்பது தாண்டின ஆள் ஒரு களைக்காக அழுதான் என்று ஊருக்குத் தெரிந்தால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அடக்க முடியாது. அதனால் வாய்க்காலில் முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அதற்குப் பிறகு அவர் தேடாத இடமில்லை. வடக்கே வேம்பார்வரை போனார். தெற்கே குலசேகரன்பட்டினம்வரை கரையோரமாகவே நடந்தார். காயல்பட்டினத்து உப்பளங்களில் மரைக்காயர் கூடவே வந்து தேடினார், எதைத் தேடுகிறோம் என்று தெரியாமலே. எங்கும் இல்லை. தேடின இடத்தில் எல்லாம் மூலத்துக்கு மருந்து கேட்டார்கள் என்பதுதான் மிச்சம்.

தூத்துக்குடிச் செடி இனி உலகத்தில் உயிரோடு இருப்பது கண்டிக்குப் பக்கத்தில் ஒரு தொட்டியில் மட்டும்தான். வாத்தியார் பென்ரோஸ் துரைக்கு நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதினார். இங்கே அது அடியோடு அழிந்துவிட்டது, இந்தியாவில் இனி இல்லை, தங்கள் தோட்டம்தான் அதற்கு ஒரே வீடு, அருள்கூர்ந்து அதைக் காப்பாற்ற வேண்டும், முடிந்தால் ஒரு கிளையைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று எழுதினார். பெயர் விஷயத்தையும் மறக்கவில்லை. ஊர்ப் பெயர் கிடைத்தால் பாக்கியம் என்று முடித்தார்.

"எல்லாத்தையும் இப்படிப் பச்சையா எழுதணுமா?" என்றாள் அற்புதமணி.

"உள்ளதத்தான எழுதணும்."

பதில் வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. வந்தபோது கூடவே அச்சடித்த சில பக்கங்களும் வந்தன. செடி கண்டியில் பூத்துவிட்டது. துரை அதைப் பிரித்து, வரைந்து, அளந்து, புதிய செடிதான் என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்து, லத்தீனில் வர்ணித்திருந்தார். பெயர் ஸெய்லானிகா. இலங்கைக்கு உரியது என்று அர்த்தம். அதன்கீழே, 'இலங்கை: கண்டிக்கு அருகே, ஆசிரியரின் தோட்டம். இந்தியாவில் இல்லை' என்றும், பொடி எழுத்தில், 'முன்பு எதிர்க்கரையிலும் இருந்ததாகத் தூத்துக்குடியிலிருந்து ஓர் அன்பர் தெரிவிக்கிறார்' என்றும் இருந்தது.

'தங்கள் விருப்பத்தை யோசித்துப் பார்த்தேன்,' என்று துரை கடிதத்தில் எழுதியிருந்தார். 'ஒரு செடி இல்லாத ஊரின் பெயரை அதற்கு வைப்பது படிக்கிறவர்களைக் குழப்பும். தங்கள் கடிதத்தில் உள்ளபடியே எழுதியிருக்கிறேன், ஒன்றையும் கூட்டவில்லை.'

வாத்தியார் அந்தப் பக்கங்களில் பிழை கண்டுபிடிக்க இரண்டு நாள் பாடுபட்டார். காற்புள்ளிகூடச் சரியாக இருந்தது. அற்புதமணி விஷயத்தைக் கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "நீங்க குடுத்து அழிஞ்சிய. போதுமா?" என்றாள். அவளுக்கு வையக்கூட வரவில்லை என்பதைப் பார்த்து வாத்தியார் பயந்துபோனார்.

கடிதத்தின் கடைசியில் இன்னொரு சமாசாரம் இருந்தது. கண்டி மழை செடிக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தாய்ச்செடி அழுகிவிட்டது. நல்லதாக இருந்த கிளைகளைத் துரை முறைப்படி கொதிநீரில் முக்கிப் பாடம் பண்ணிவிட்டார். மிஞ்சின ஒரே ஒரு கிளையைத் தொட்டியில் வேர்பிடிக்க வைத்து, கொழும்புக்கு அனுப்பியிருக்கிறார். மரைக்காயரின் தோணியில் அது வரும்.

தோணி வந்துவிட்டதாக ஆள் வந்ததும் வாத்தியார் புறப்பட்டார். அற்புதமணியும் கூடக் கிளம்பினாள். தன் கையால் சாகாமல் தப்பின ஒரே செடியைத் தானும் பார்க்க வேண்டும் என்றாள்.

சுங்கச் சாவடியில் தொட்டி ஒரு மேசைமேல் இருந்தது. கடல்காற்றில் அலைபட்டு வந்த செடி வாடித்தான் இருந்தது, நாலைந்து இலைகள் மட்டும் அரிசி அரிசியாய் நிமிர்ந்து நின்றன. பக்கத்தில் மரைக்காயர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு நின்றார். மேசைக்குப் பின்னால் வன்னியபெருமாள் என்ற அதிகாரி. எந்தக் காகிதம் வந்தாலும் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிக்கிற மனிதர். அவருக்குக் காகிதங்கள்மேல் வெறுப்பும் இல்லை, பிரியமும் இல்லை.

"உக்காருங்க சார். இதுல ரெண்டு காகிதம் இருக்கு," என்றார். "ஒண்ணு துரை அனுப்பினது. இது சிலோன் செடி, நோயில்லன்னு சர்ட்டிபிகேட். கூட அச்சுல வந்த ஆதாரமும் வச்சிருக்காரு. இன்னொண்ணு நீங்க முன்கூட்டியே எழுதிக் குடுத்த மனு. இது தூத்துக்குடிச் செடின்னு எழுதியிருக்கீங்க. இதுல எது சரி?"

"என் மனுதான் சரி. இங்கருந்து போனதுதான் திரும்பி வந்திருக்கு."

"அப்படின்னா சர்ட்டிபிகேட் தப்பு. சர்ட்டிபிகேட் இல்லாம வெளியூர்ச் செடி எறங்கினா எரிச்சுறணும்."

"வெளியூர்ச் செடி இல்லய்யா. இந்த ஊர்ச் செடி."

"இருக்கட்டும். இங்கருந்து செடி போனதுக்கு ஆதாரம் பாத்தேன்." வன்னியபெருமாள் ஒரு பழைய கட்டைப் புரட்டினார். "நீங்க கையெழுத்துப் போட்டது. 'உயிரற்றவை'ன்னு இருக்கு. போனது செத்த செடி. வந்திருக்கது உசிரோட இருக்கு. ரெண்டும் ஒண்ணுதான்னு நான் எப்படி சார் எழுதுறது?"

வாத்தியார் ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் வேதபாடம் நடத்துகிறவர். செத்தது உயிரோடு வந்ததற்கு அவரிடம் முன்னுதாரணம் இருந்தது. சுங்க இலாகா அதை ஏற்றுக்கொள்ளுமா என்ற சந்தேகத்தில் வாயைத் திறக்கவில்லை.

"சாரே, சிலோன் செடின்னே சொல்லிருங்களேன்," என்றார் மரைக்காயர் மெதுவாக.

"அதான் நானும் சொல்லுறேன்," என்றார் வன்னியபெருமாள். "உங்க மனுவ வாபஸ் வாங்கிட்டு, இது சிலோன் செடி, தூத்துக்குடியில இந்தச் செடி இல்ல, என் மனுவுல எழுதினது தவறுன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. தொட்டிய இப்பவே தூக்கிட்டுப் போகலாம். எரிக்கதுல எனக்கு மட்டும் என்ன சந்தோசம்?"

"எழுதாதிய," என்றாள் அற்புதமணி. அவள் குரல் சாவடி முழுக்கக் கேட்டது. "கவர்னர் பெண்டாட்டிக்குக் குடுத்திய, துரைக்குக் குடுத்திய. இப்ப நீங்க பாத்ததே பொய்யின்னு நீங்களே உங்க கையால எழுதணுமா? எரிச்சா எரிச்சுட்டுப் போறாக. இங்க இருந்ததுன்னாவது பேர் இருக்கும்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. வாத்தியார் அதை நன்றாக யோசித்துப் பார்த்தார். எழுதாவிட்டால், என்றைக்காவது யாராவது கல்கத்தாப் பெட்டியின் ஆணியைப் பிடுங்கி, இது தூத்துக்குடியில் விளைந்ததுதான் என்று சொல்லக்கூடும். அப்போது ஊர்ப் பெயர் வரும். எழுதிக் கொடுத்துவிட்டால், கண்டுபிடித்தவனே இல்லையென்று சொன்னதற்கு அப்பீல் ஏது? பெயர் வேண்டுமானால் செடி இல்லை, செடி வேண்டுமானால் பெயர் இல்லை. அவர் தொட்டியைப் பார்த்தார். மண் வெடித்துக் கிடந்தது. இரண்டு நாளாக யாரும் தண்ணீர் ஊற்றவில்லை.

"பேனா குடுங்கய்யா," என்றார்.

எழுதும்போது நெஞ்சு வலித்தது. பேச்சுக்குச் சொல்வது இல்லை, நிஜமாகவே வலித்தது. இது இலங்கைச் செடி. தூத்துக்குடியில் இச்செடி இல்லை. நான் முன்பு எழுதியது தவறு. தேவபிரசாதம். வன்னியபெருமாள் அதையும் முதல் வரியிலிருந்து படித்து, தேதி விட்டுப்போனதைச் சுட்டிக்காட்டினார். வாத்தியார் தேதி போட்டார்.

அற்புதமணி தொட்டியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஜட்கா வண்டியில் வீடுவரை அவள் அதைக் கீழே வைக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் உப்பைக் கரைத்து ஊற்றினாள். அளவை அவரிடம் கேட்கவும் இல்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுததை மறைக்கவும் இல்லை.

அந்தச் செடிக்கு வீட்டு மண் ஆகாது. கடல்தண்ணீர் ஏறி இறங்குகிற சேறு வேண்டும். சனிக்கிழமை வாத்தியார் தொட்டியைத் தூக்கிக்கொண்டு மந்திரமூர்த்தியின் அளத்துக்குப் போனார். முதலாளி குடையோடு ஓடி வந்தார். பின்னால் கூலிக்காரப் பெண்கள் இரண்டு மூன்று பேர் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"இது என்னது வாத்தியாரய்யா?"

உங்கள் ஆட்கள் பிடுங்கி எரித்தது என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தார். எழுதிக் கொடுத்தாயிற்று.

"சிலோன் செடி அண்ணாச்சி. கண்டியில ஒரு துரை வளத்தது. இங்கன ஓரமா வச்சுக்கிடட்டுமா?"

"சிலோன் செடியா!" மந்திரமூர்த்தி கையை வேட்டியில் துடைத்துவிட்டு, ஒரு விரலால் இலையைத் தொட்டார். யுத்தத்தில் சிலோன் சோப்புக்கே ஊர் அலைந்துகொண்டிருந்த காலம். "கேட்கணுமா? நடுத்திடல்ல வைங்க. ஏலே, பனைமட்டை கொண்டாங்கலே, வேலி போடணும்."

கூலிக்காரப் பெண்களில் ஒருத்தியான சுடலைமாடத்தி குனிந்து செடியை உற்றுப் பார்த்தாள். "போன வருசத்துக்கு முந்தி இங்கன பிடுங்கினோமே, அந்தக் களைதான மொதலாளி இது?"

"ஏளா, சும்மா கெட. சிலோன் செடியப் பாத்துக் களைங்கா! நீங்களே சொல்லுங்க வாத்தியாரய்யா."

எல்லாரும் வாத்தியாரைப் பார்த்தார்கள். சுடலைமாடத்தியும் பார்த்தாள்.

"இல்லம்மா," என்றார் தேவபிரசாதம். "இது வேற."

குழி தோண்டி, செடியைத் தொட்டி மண்ணோடு இறக்கி, சுற்றிலும் சேற்றை அணைத்தார். அணைத்த சேற்றைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தார். அதைப் பார்த்துவிட்டு மந்திரமூர்த்தியும் கவலைப்பட ஆரம்பித்தார்.

"நம்ம மண்ணும் தண்ணியும் இதுக்கு ஒத்துக்கிடுமா? தூரத்துச் செடியாச்சே."

"ஒத்துக்கிடும்னுதான் நினைக்கேன் அண்ணாச்சி."

ஒத்துக்கொண்டது. மழைக்காலத்தில் பூத்து, விதைத்து, திடலெங்கும் முளைத்தது. மந்திரமூர்த்தி சொன்ன சொல் தவறாதவர். வேலிக்குள் இருந்த சிலோன் செடியைப் பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டார், வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். அதற்கு இடைஞ்சல் வரக் கூடாது என்று, வேலிக்கு வெளியே முளைத்ததை எல்லாம் களை என்று பிடுங்கச் சொன்னார். ஆகவே வாத்தியார் சனிக்கிழமைகளில் கூலிக்காரர்கள் வருமுன்னே வந்து, வெளியே முளைத்த கன்றுகளைப் பெயர்த்து வேலிக்குள் நட்டுவிட்டுப் போனார்.